கருதும் கருதுதலும்

கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் வட்டாரத்தில் 'கருது' என்றால், கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது கம்மங்காடுதான். கம்மங்கருது, சோளக்கருது, கருதறுப்பு ஆகியன அங்கு அன்றாட வழக்கு. எழுத்துத் தமிழிலோ 'கருது' ஒரு வினைச்சொல். மனத்துள் எண்ணம் உருக்கொள்வதைச் சுட்டுவது.

கதிர் பால்பிடித்து முற்றுவதுபோல் எண்ணம் முற்றுவதே கருதுதல் என இரண்டையும் இணைத்துவிட ஆசை பிறக்கும். வகுப்பில் நானும் ஒருமுறை அவ்வாறு சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் ரசித்தனர், ஆயினும் அது பிழை. 'கதிர்' என்பதன் ஒலிகள் இடம்மாறியே 'கருது' ஆயிற்று. குதிரை பேச்சில் 'குருதை' ஆவதும் தசை 'சதை' ஆவதும் இவ்வகையினவே. பயிருக்கும் வினைக்கும் உள்ள உறவு ஓசையளவே.

வினையின் வரலாறு தனி. திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தின் 484, 485ஆம் குறள்கள் ஒவ்வொன்றிலும் இச்சொல் இருமுறை வருகிறது. அங்கே உலகைக் கருதுதல் என்பது அதை அடைய உறுதிகொள்ளுதல். காலத்தைக் கருதுதல் என்பது ஏற்ற பொழுதை எதிர்நோக்கி அமைதல். 'எண்ணு' என்பதில் கணக்கும் 'நினை' என்பதில் நினைவும் கலந்திருப்பதுபோல, 'கருது' என்பதில் நோக்கமும் பொறுமையும் கலந்திருந்தன. இன்று 'எனக் கருதுகிறேன்' என்பது பெரும்பாலும் அபிப்பிராயம் கூறும் வாய்பாடு. 'கருத்து' என்பதும் அவ்வாறே சுருங்கிற்று. சொல் செயலைவிட்டு விலகிவிட்டது.

இடைசெவலில் பிறந்த இளமைத் தோழர் இருவரை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். கு. அழகிரிசாமி (1923-1970) அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தார். 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட்டார். ஒருவர் ஏட்டுத் தமிழையும் மற்றவர் வாய்மொழியையும் பேணினர். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் ஒரு சொல் எங்கே வாழ்கிறது, எங்கே தேய்ந்தது என்பது புலப்படும்.

வானம் பார்த்த கரிசலில் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதையோடு காத்திருக்கும் சம்சாரி 'கருதுகிறேன்' எனச் சொல்வதில்லை, 'நெனைக்கேன்' என்பார். ஆனால் காலம் பார்த்து, மனம் கலங்காமல் அவர் காத்திருக்கிறாரே, அதுதான் வள்ளுவர் சொன்ன கருதுதல். அச்சொல்லை அறிந்த நாம் அப்பொருளை மறந்தோம். அவரோ அச்சொல் இல்லாமலே அப்பொருளைக் காத்து வருகிறார்.