முற்றத்துக்குத் தளம் போடும் முன்

விருதுநகர் பழைய தெருக்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுச் சுவரும் நம்ம சுவரும் ஒண்ணு. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழி கிடையாது. முற்றம் ஒன்றுதான் வெளிச்சத்துக்கு வாசல். இன்றைக்கு வீட்டை எடுத்துக் கட்டுகிறவர்கள் முதல் வேலையாக அந்த முற்றத்துக்குத்தான் தளம் போடுகிறார்கள். ஓர் அறை கூடுகிறது. பட்டப்பகலில் டியூப்லைட் எரிகிறது.

இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர் கொழும்பில் வாழ்ந்த ஜெஃப்ரி பாவா (1919-2003). வக்கீலாக இருந்தவர். 1948-ல் பெந்தோட்டை அருகே ஏரிக்கரையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை பங்களாவோடு வாங்கினார். அதைச் சீர்படுத்தும் ஆசையில்தான் கட்டடக்கலை படிக்கப் போனார்; படித்துத் தேறியபோது வயது 38! 'லுனுகங்கா' என்ற அந்தத் தோட்ட வீட்டைச் சாகும்வரை செதுக்கிக்கொண்டே இருந்தார். அவரோடு பங்குதாரராக இருந்த எஞ்சினியர் பூலோகசுந்தரம் தமிழர் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நமக்கு உதவுவது அவருடைய கொழும்பு வீடு. 33-ஆவது சந்தின் கடைசியில் வரிசையாக நாலு சின்ன வீடுகள். 1958-ல் மூன்றாவது வீட்டை வாங்கினார். பிறகு நாலாவது. பத்து வருஷம் கழித்து மற்ற இரண்டும் வந்து சேர்ந்தன. முதல் வீட்டை மட்டும் இடித்து நாலு மாடியாக உயர்த்தினார். மற்றவற்றில் நடுச்சுவர்களை உடைத்து, அங்கங்கே கூரையையும் திறந்துவிட்டார். நீண்ட நடை ஒன்று. வழியில் குட்டிக் குட்டி முற்றங்கள், செடி, தண்ணீர். தூண்கள் செட்டிநாட்டிலிருந்து போனவை! வீடு பெருகப் பெருக வானமும் கூடவே பெருகியது.

"மழை வருமே" என்பார்கள். கொழும்பு மழை நம்ம ஊர் மழையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். திருட்டுப் பயமென்றால் இரும்புக் கம்பி போதும். நம் பெரியவர்கள் போட்டதும் அதுதான். சிவகாசி மருந்து அறைகளில் பகல் வெளிச்சத்தை நம்பி வேலை செய்து பழகிய ஜில்லாக்காரர்கள் நாம், வீட்டுக்குள் மட்டும் ஏன் இருட்டைக் கட்டிக்கொள்கிறோமோ!

சிவில் படிக்கும் தம்பி தங்கைகள் கொழும்பு வரை போக வேண்டாம். மதுரை கோச்சடையில் 1970-களில் ஆலைக்காரர்களுக்காகக் கட்டிய மதுரை கிளப் பாவா வரைந்ததே, பிறகு ஹோட்டலானது. போகும் முன் உங்கள் பாட்டி வீட்டு முற்றத்தின் நீள அகலத்தை ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள்.