கம்பளி இல்லாத செம்மறி

செம்மறி என்றதும் கம்பளியை நினைப்பது குளிர்நாட்டுப் பழக்கம். எமது ஊர்ச் செம்மறிக்குக் கம்பளி இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மறியும், தமிழ்நாட்டின் மேச்சேரி, வேம்பூர் ஆடுகளும் குறுமயிர் போர்த்தவை. வெயிலுக்கும் காய்ந்த புல்லுக்கும் பழகியவை. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதன் பழக்கிய முதற் செம்மறிகளும் இப்படித்தான் இருந்தன. வெளியே முரட்டு மயிர், அடியில் கொஞ்சம் மென்மயிர். கோடை வர அது தானாக உதிரும். அந்த அடிமயிரைத் தேர்ந்து தேர்ந்து பெருக்கி, உதிராமலும் ஆக்கியதுதான் கம்பளி. ஆக, கம்பளி ஆடே பின்னால் வந்தது.

இதையெல்லாம் நாம் தேடிப் படிக்கக் காரணம் உண்டு. உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவியும் இறைச்சி வெட்டியும் சேர்த்த சீட்டுக் காசில், ரொறன்ரோவுக்கு வெளியே ஐந்தாறு ஏக்கர் காணி வாங்கி ஆடு வளர்ப்பது பற்றி எம்மில் சிலர் கதைத்துக்கொண்டிருக்கிறோம். விவசாய பீடத்தில் பாதியில் படிப்பை விட்டு வந்தவர்களும் எம்மில் உண்டு. காணியைப் பிழையாக வாங்கினால் விற்கலாம். ஆட்டைப் பிழையாக வாங்கினால் புதைக்கத்தான் வேண்டும். சிறு பட்டிக்காரருக்குக் கம்பளி விற்ற காசு, அதைக் கத்தரிக்கிறவனின் கூலிக்கே காணாது. எனவே கம்பளி இல்லாத இனம் என்பதில் எமக்குள் தகராறு இல்லை. அதில் எது என்பதில்தான்.

பலர் சொல்வது டோர்ப்பர். வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, திரண்ட தொடை. 1930களில் தென்னாபிரிக்க ஆட்டிறைச்சி லண்டன் சிமித்ஃபீல்ட் சந்தையில் விலைபோகவில்லை. உள்ளூர் ஆடுகளின் கொழுப்பெல்லாம் வாலிலும் பின்புறத்திலும் திரண்டிருந்தது. ஆகவே இங்கிலாந்தின் டோர்செற் ஹோர்ன் கிடாயைக் கருந்தலைப் பேர்சியன் மறியோடு சேர்த்தார்கள். இரு பெயரையும் வெட்டி ஒட்டியதே டோர்ப்பர். 1950இல் அதற்கெனச் சங்கமும் அமைந்தது. இதில் வேடிக்கை, அந்தப் ‘பேர்சியன்’ பாரசீகத்து ஆடே அல்ல, சோமாலியாவின் ஆடு. கப்பலில் வந்து இறங்கிய இடத்தில் யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. விமான நிலையங்களில் எமது பெயர்களுக்கு நடந்தது நினைவுக்கு வருகிறது.

மற்றக் கிளை மேற்கிந்தியத் தீவுகளுடையது. றிச்சர்ட் லிகன் என்ற ஆங்கிலேயர் 1647 முதல் 1650 வரை பார்படோசில் இருந்தவர். 1657இல் வெளியான தமது நூலில், மேற்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடுகளைப் பற்றி எழுதுகிறார். அவற்றுக்குக் கம்பளிக்குப் பதில் மயிர். பார்வைக்கு வெள்ளாடு போலிருந்தும் இறைச்சி நல்ல செம்மறிச் சுவையாம். மனிதர்களை அடிமைகளாக ஏற்றிய கப்பல்களின் அதே கடல்வழி அது. கரும்புத் தோட்டங்களின் சொத்துப் பட்டியல்களில் மனிதரும் ஆடுமாடுகளும் அடுத்தடுத்தே எழுதப்பட்டனர். வெப்பமும் ஈரமும் புழுவும் நிறைந்த அந்தத் தீவுகளில் தப்பிப் பிழைத்தவற்றின் சந்ததியே இன்றைய பார்படோஸ் கருவயிற்று ஆடும் செயின்ற் குறோய் ஆடும்.

செயின்ற் குறோய் தீவை டென்மார்க் 1917இல் அமெரிக்காவுக்கு விற்றது. அங்கிருந்து 1957இல் மூன்றே மூன்று ஆடுகளை, பனிகொட்டும் மெயின் மாநிலத்துக்குக் கொண்டுபோனவர் மைக்கல் பீல். மின்கம்பிகளின் கீழ் வளரும் பற்றையை வெட்டுவதற்கும் மருந்தடிப்பதற்கும் பதிலாக ஆட்டை மேயவிடலாம் என்பது அவரது யோசனை. சஃபோக் முதலிய கம்பளி இனங்களோடு கலந்து, மயிர் உதிர்ப்பவற்றையும் நன்றாக ஈனுபவற்றையும் இருபது வருடங்களாகப் பொறுக்கினார். 1976இல் இறந்தார். அந்த ஆடுகளுக்கு அவர் வைத்த பெயர் கட்டாடின். அது அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த மலை. பெனொப்ஸ்கொற் பூர்வகுடிகள் அதற்கு இட்ட பெயர். ஆபிரிக்க ஆட்டின் பேரப்பிள்ளைகள் இன்று பனிக்குள் நின்று வைக்கோல் தின்கின்றன.

எமது செம்மறியைப் பற்றி இப்படியொரு கதையை நாம் எங்கும் படித்ததில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது நாம் சிறுவர்கள். கயிற்றை அவிழ்த்துக் கலைத்துவிட்டு வந்த ஆடுகளைப் பற்றிப் பெரியவர்கள் இப்போதும் சொல்வார்கள். எத்தனை என்று எண்ண யாருக்கு நேரமிருந்தது?

ஆட்டைத் தெரிவதில் எமது எண்ணம் இது. டோர்ப்பர் குட்டி விரைவாக நிறை போடும். வரண்ட நிலத்துக்கு நல்லது. ஆனால் ஒன்ராறியோவின் ஈரப் புல்லில், இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவுக்கு அது இலகுவில் விழும். புழுவைத் தாங்குவதில் செயின்ற் குறோய் முதலாவது, உடம்புதான் சிறிது. கட்டாடின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, குளிரையும் தாங்கும். அனுபவமில்லாத கைகளுக்கு அதுவே போதும். இறைச்சியிலும் எம்மவர் முகம் சுளிக்கும் செம்மறி வாடை குறைவு என்பார்கள். அடுப்படியில் நிற்கும் எமக்கும் அப்படித்தான் படுகிறது.

இனப்பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுக்கக்கூடாது. ஒரே இனத்துக்குள்ளும் ஆட்டுக்கு ஆடு வித்தியாசம் உண்டு. கிடாய் வாங்கப் போனால், எமது காணி போன்ற ஈரக் காணியில் வளர்ந்ததா, கடைசியாகப் புழுமருந்து எப்போது கொடுத்தது, தாய் எத்தனை குட்டி ஈன்று எத்தனையை வளர்த்தது என்று கேட்கவேண்டும். பிறகு கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்க்கவேண்டும். சிவந்திருந்தால் விலை பேசலாம். வெளிறியிருந்தால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடவேண்டும்.