கேட்பவர் இல்லாத பாட்டு

சௌதால் என்னும் ஹோலிப் பாட்டைப் பாட மேடை வேண்டாம். தரையில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார வேண்டும். நடுவில் டோலக், மற்றவர்கள் கையில் ஜால்ரா. ஒரு வரிசை ஓரடியைப் பாடும். எதிர்வரிசை அதையே வாங்கித் திருப்பிப் பாடும். ஏழு மாத்திரை நடையில் நிதானமாகத் தொடங்கும் பாட்டு திடீரென நாலு மாத்திரைக்குத் தாவும். வேகம் ஏறி ஏறித் தொண்டை கிழியும் உச்சம் வரை போகும். பிறகு சற்றே தணிந்து, அடுத்த அடி. சுருதி பிசகினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் பாடுகிறவர்கள். ரசிகர் என்று தனியே யாரும் கிடையாது.

கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு பிகாரிலும் பரந்து கிடக்கும் போஜ்புரி வட்டாரம்தான் சௌதாலின் தாய்வீடு. வசந்த பஞ்சமி முதல் ஹோலி வரை ஊர் ஆண்கள் இரவில் கூடிப் பாடுவார்கள். கண்ணனும் ராதையும் வண்ணம் வீசி விளையாடுவதே முக்கால்வாசிப் பாட்டின் சங்கதி.

சௌதால் கடல் கடந்தது ஒப்பந்தக் கூலிகளோடு. 1838 மே 5 அன்று விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கின. அவர்களில் பலர் சோட்டா நாக்பூர் மலைவாசிகள். போஜ்புரிக்காரர்கள் பின்னால் வந்த கப்பல்களில்தான் பெருகினார்கள். 1917 வரை கயானாவுக்கு மட்டும் ஏறத்தாழ 2,39,000 பேர் போனார்கள். டிரினிடாடுக்கு 1845இலும், சூரினாமுக்கு 1873இலும், பிஜிக்கு 1879இலும் முதல் கப்பல்கள் சேர்ந்தன.

கயானாவில் ஹோலிக்குப் பெயர் பக்வா. இன்று அது அரசு விடுமுறை. வசந்த பஞ்சமியில் ஆமணக்குக் கன்றை நட்டு, பண்டிகைக்கு முந்தைய இரவில் அதைச் சுற்றி விறகு அடுக்கிக் கொளுத்துவார்கள். பாடகர் குழுவுக்கு ‘கோல்’ என்று பெயர். கோல் வீடு வீடாகப் போகும். போன வீட்டிலெல்லாம் தின்னவும் குடிக்கவும் கிடைக்கும்.

கூலிகளாகப் போனவர்களின் பேரப் பிள்ளைகளின் நாக்கில் ஆங்கிலக் கிரியோல் மொழி வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் சௌதால் போகவில்லை. பிரஜ், அவதி மொழி வரிகளை ஆங்கில எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். பலருக்குப் பொருள் தெரியாது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு; எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூடிக் கத்துவதற்கென்றே பிறந்த பாட்டு இது. தேர்ந்த ஒரு பாடகரை நம்பி நிற்கும் கலை, அவர் போனதும் போய்விடும். இருபது பேர் சேர்ந்து பாடுவதற்கு அந்த ஆபத்து குறைவு. கரீபியனிலும் பிஜியிலும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த சௌதால்கள் வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதை இசை ஆய்வாளர் பீட்டர் மானுவல் காட்டியிருக்கிறார்.

மாறாமலும் இல்லை. கரீபியன் கோல்களில் பெண்களும் உட்காருகிறார்கள். இது நல்ல மாற்றம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கயானாவின் அரசியல் குழப்பமும் பொருளாதாரச் சரிவும் மக்களை மறுபடி கிளப்பின. நியூயார்க் குவீன்ஸில் ரிச்மண்ட் ஹில் பகுதி ‘லிட்டில் கயானா’ ஆனது. அங்கே லிபர்ட்டி அவென்யூவில் பக்வா ஊர்வலம் போகிறது. குவீன்ஸில் மார்ச் மாதம் இன்னும் குளிர்காலம்தான். குளிர்ச்சட்டைக்கு மேலேயே சாயப்பொடி விழுகிறது. கோயில் கூடங்களில் அங்கேயே பிறந்த பிள்ளைகள் ஜால்ராவைத் தட்டிக்கொண்டு சௌதால் பாடுகிறார்கள். பிஜிக்காரர்கள் இதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

தாய்வீட்டிலோ ஒலிபெருக்கியும் போஜ்புரி சினிமாப் பாட்டும் ஹோலியைப் பிடித்துக்கொண்டன. சௌதால் தேய்ந்து வருகிறது. வயதானவர்கள் இருக்கும்போதே பிகார் கிராமங்களில் அதைப் பதிவு செய்ய யாராவது புறப்பட வேண்டும். பாடம் சந்தேகமாக இருந்தால் ஒத்துப் பார்க்க குவீன்ஸில் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.