டிப்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்? எங்கே கொடுக்கவே வேண்டாம்? திருச்சி, ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

சென்னையில் இருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வரும் ஒரு குடும்பம் அதிகாலையில் திருச்சி ஜங்ஷனில் இறங்குகிறது. பெட்டி தூக்க போர்ட்டர், அடுத்து ஆட்டோ, லாட்ஜில் ரூம் பாய், அம்மா மண்டபத்தில் தர்ப்பணம், கோயிலில் அர்ச்சகர், மதியம் சாப்பாட்டுக்கு சர்வர், மாலையில் சமயபுரம் போய்வர டாக்ஸி. ராத்திரி திரும்ப ரயில் ஏறும்போது பர்ஸில் இருந்த பத்து, இருபது ரூபாய் நோட்டெல்லாம் காலி. கொடுத்தது அதிகமா, கம்மியா, கொடுக்க வேண்டாத இடத்திலும் கொடுத்துவிட்டோமா என்ற சந்தேகம் மட்டும் மிச்சம்.

பேச்சுவழக்கில் இதெல்லாமே 'டிப்ஸ்'தான். ஆனால் எல்லாம் ஒரே பணம் கிடையாது. வேலை முடிந்த பிறகு, திருப்தியாக இருந்தால், கொடுப்பவர் தானே முடிவு செய்து கொடுப்பது டிப்ஸ். வேலைக்கு முன்பே பேசி வாங்குவது கூலி அல்லது கட்டணம். பில்லில் தானாக ஏறுவது சர்வீஸ் சார்ஜ். அரசு ஊழியர் தன் வேலையைச் செய்யவே கேட்டால் அதற்கு லஞ்சம் என்று பெயர். எந்த இடத்தில் எது என்று தெரிந்தால் 'எவ்வளவு' என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஓட்டலில் எவ்வளவு?

டோக்கன் வாங்கி நின்றபடி சாப்பிடும் டிபன் கடையிலும், டிகிரி காபி கடையிலும் டிப்ஸ் எதிர்பார்ப்பு இல்லை. உட்கார வைத்து, இலை போட்டு, "இன்னும் கொஞ்சம் சாம்பார் விடவா சார்?" என்று கேட்டுப் பரிமாறும் இடத்தில்தான் அந்தப் பேச்சு. 300 ரூபாய் பில்லுக்கு 20 ரூபாய் வைத்தால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். ஏசி ரெஸ்டாரன்டில் குடும்பத்தோடு சாப்பிட்டு 1,500 ரூபாய் பில் வந்தால் 75 முதல் 100 ரூபாய் வரை வைக்கலாம். அதாவது பில்லில் 5 முதல் 10 சதவீதத்துக்குள். அமெரிக்காவில் 15 முதல் 20 சதவீதம் கொடுக்கிறார்களே என்று அந்தக் கணக்கை இங்கே கொண்டுவர அவசியம் இல்லை. சர்வர் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் ஒன்றும் வைக்காமல் எழுந்து வருவதும் தப்பில்லை.

சில ஓட்டல்களில் டிப்ஸ் பணம் பொதுப் பெட்டிக்குப் போய், இலை எடுப்பவர், மேஜை துடைப்பவர் வரை பங்கு பிரிகிறது. சில இடங்களில் சர்வரோடு முடிந்துவிடும். தண்ணீர் வைத்து, எச்சில் இலை எடுக்கும் பெரியவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்கள் அவர் கையிலேயே தனியாக 10 ரூபாய் கொடுப்பது நல்லது.

"ஜிஎஸ்டி கட்டிட்டோமே, அதுலயே டிப்ஸும் வந்துடுச்சில்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. வராது. சாதாரண ஓட்டல் பில்லில் இருக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி, மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இரண்டரை சதவீதமாகப் பிரிந்து போகும் வரி. சர்வருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால்?

பெரிய ரெஸ்டாரன்டுகளின் பில்லில் 5 அல்லது 10 சதவீதம் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில், இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, கட்ட மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்று சொன்னது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று அந்த நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடும் போயிருக்கிறது.

எனவே பில்லில் அந்த வரி இருந்தால், "இதை எடுத்துட்டு வேற பில் குடுங்க" என்று கேட்கலாம். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம். அதற்கு பில்லின் போட்டோ கையில் இருக்கட்டும். சர்வீஸ் சார்ஜை மனதாரக் கட்டிவிட்டால், அதற்கு மேல் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் அதிகம். அங்கே பல ரெஸ்டாரன்டுகளில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் பில்லிலேயே வந்துவிடும், தனியாக டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தில் ஒன்றும் வைக்காமல் எழுந்தால், இங்கே சர்வர் தன் கவனிப்பில் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொரு சிக்கல் கியூஆர் கோடு. முன்பெல்லாம் மீதிச் சில்லறை சோம்புத் தட்டில் வரும், அதில் கொஞ்சம் விட்டு எழுவது வழக்கம். இப்போது 286 ரூபாய் என்றால் போனில் சரியாக 286 போய்விடுகிறது, தட்டில் சோம்பு மட்டும் இருக்கிறது. கடை கியூஆரில் கூடுதலாகப் போட்டால் அது முதலாளி கணக்குக்குப் போகும். டிப்ஸ் கொடுக்க நினைப்பவர்கள் பத்து ரூபாய் நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்வதே வழி.

கோயிலில் கொடுப்பது டிப்ஸா?

ஸ்ரீரங்கத்தில் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அம்மா மண்டபப் படித்துறையில் தர்ப்பணம் செய்துவைக்கும் புரோகிதருக்குக் கொடுப்பது தட்சிணை. அது அவர் வேலைக்கான சம்பாவனை, டிப்ஸ் கணக்கில் வராது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் கூட்டம் நெருக்கும்போது முடித்த பிறகு தொகை பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். "மாமா, எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?" என்று உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடலாம். எள், தர்ப்பை எல்லாம் அதில் அடக்கமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சந்நிதியில் அர்ச்சகரின் தட்டில் போடுவது தட்டுக் காணிக்கை. உண்டியலில் போடுவது கோயிலுக்கு, தட்டில் போடுவது அர்ச்சகருக்கு என்பதுதான் பக்தர்களின் பொதுவான புரிதல். 2025 பிப்ரவரியில் மதுரையில் உள்ள தண்டாயுதபாணி சுவாமி கோயிலில், தட்டில் விழும் பணத்தையும் உண்டியலில் போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பவே அது வாபஸ் ஆனது. சிறிய கோயில்களில் அர்ச்சகரின் மாதச் சம்பளம் மிகக் குறைவு, சில இடங்களில் சம்பளமே கிடையாது. குடும்பம் ஓடுவது தட்டை நம்பித்தான் என்பதே அந்த எதிர்ப்புக்குக் காரணம். அதே நேரம், தட்டில் போடாதவருக்குத் தீர்த்தமும் சடாரியும் இல்லை என்று எங்கும் விதி இல்லை. பெரிய கோயிலில் ஒவ்வொரு சந்நிதியிலும் போட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிராமத்துச் சிறு கோயிலில் போடும் 50 ரூபாய்க்கு அங்கே மதிப்பு அதிகம்.

"க்யூல நிக்க வேண்டாம், நான் உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று கோபுர வாசலில் ஒருவர் வந்தால் அவருக்குக் கொடுப்பது டிப்ஸும் இல்லை, காணிக்கையும் இல்லை. கட்டண தரிசனம் வேண்டுமானால் கவுன்டரில் ரசீது வாங்க வேண்டும். ரசீது இல்லாத பணம் கோயிலுக்குப் போகாது.

சமயபுரம் போகிறவர்கள் கவனிக்க: இந்து சமய அறநிலையத்துறை கோயில்களில் மொட்டை போட 2021 செப்டம்பர் முதல் கட்டணம் இல்லை. முடி எடுக்கும் தொழிலாளர்களின் வருமானம் நின்றுவிடக் கூடாது என்று மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. அழுகிற குழந்தைக்குப் பொறுமையாக, கீறல் படாமல் எடுத்துவிட்டவருக்கு மகிழ்ச்சியாக 50 ரூபாய் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று கேட்டால் கோயில் அலுவலகத்தில் சொல்லலாம்.

போர்ட்டர், ஆட்டோ, டாக்ஸி

ரயில் நிலைய போர்ட்டருக்கு ரயில்வே நிர்ணயித்த கட்டணம் உண்டு. பெட்டியைத் தலையில் ஏற்றுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். ஆட்டோவில் பேசிய வாடகையைக் கொடுத்தால் போதும். வயதானவரைக் கைபிடித்து இறக்கிவிட்டார், மழையில் காத்திருந்தார் என்றால் 10, 20 சேர்த்துக் கொடுப்பது அவரவர் மனசு.

ஆப்பில் ஆட்டோ, டாக்ஸி புக் செய்யும்போது 'முன்கூட்டியே டிப்ஸ் சேர்த்தால் வண்டி சீக்கிரம் வரும்' என்று காட்டுவது 2025 மே மாதம் பெரிய சர்ச்சையானது. சேவை கிடைப்பதற்கு முன்பே வாங்குவது எப்படி டிப்ஸ் ஆகும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி கேள்வி எழுப்பினார். உபெர் நிறுவனத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸும் அனுப்பியது.

நாள் வாடகை டாக்ஸியில் 'டிரைவர் பேட்டா' என்று ஒன்று வரும். அது டிரைவரின் சாப்பாட்டுப் படி, வாடகையின் ஒரு பகுதி. கிளம்பும் முன்பே பேட்டா, டோல், பார்க்கிங் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பேட்டா கொடுத்த பிறகு டிப்ஸ் கட்டாயம் இல்லை. ஆனாலும் ராத்திரி 11 மணி வரை கூடவே சுற்றியவருக்கு 100 ரூபாய் கொடுப்பவர்களே அதிகம்.

சிலிண்டருக்கு 'மேல' எவ்வளவு?

கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செலவும் சேர்ந்ததுதான் சிலிண்டர் விலை. பில் தொகைக்கு மேல் கட்டாயமாகக் கேட்டால் எண்ணெய் நிறுவனங்களின் 1800 233 3555 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு, காலி சிலிண்டரே 15 கிலோவுக்கு மேல் இருக்கும் அந்தச் சுமையைத் தூக்கிவருபவருக்கு, கேட்காமலே 20 ரூபாயும் ஒரு சொம்பு தண்ணீரும் கொடுப்பது வேறு விஷயம்.

அரசு மருத்துவமனையில்?

இங்கே மட்டும் பதில் கறாரானது: கொடுக்கக் கூடாது. வீல்சேர் தள்ள, ஸ்ட்ரெச்சர் கொண்டுவர, பிறந்த குழந்தையைக் காட்ட என்று எதற்குப் பணம் கேட்டாலும் அது டிப்ஸ் இல்லை. "சந்தோஷமா ஏதாவது குடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டாலும் இதே பதில்தான். ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி வாங்கும் அரசு ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி ஆகலாம். ஆனால் வேறு வழியில்லாமல், கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ தெரிவித்துவிட்டால் அவர் மீது அந்தக் குற்றம் வராது. பிரசவ வார்டு வாசலில் அழுத்தம் தாங்காமல் கொடுத்துவிட்டவர்கள், 'நாமும் மாட்டிக்கொள்வோமோ' என்று பயந்து சும்மா இருக்க வேண்டியதில்லை. யார், எந்த வார்டு, எந்த நேரம், எவ்வளவு என்பதை அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு புகார் கொடுக்கலாம்.