எலி முதுகிலிருந்து நம்ம இடுப்பு வரை: லேசர் தெரபியின் கதை

நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து, இடுப்பு வலியோட பிசியோ கிளினிக் பக்கம் போனவங்க 'லேசர் தெரபி'ங்கிற வார்த்தையைக் கேட்டிருப்பீங்க. கையில் பிடிக்கிற மாதிரி ஒரு கருவியை முதுகில் சில நிமிடம் வைப்பார்கள். வலிக்காது, பெரிதாகச் சூடும் தெரியாது. பத்து செஷன், இவ்வளவு ரூபாய் என்று ஒரு பேக்கேஜ் சொல்வார்கள். இது எங்கிருந்து வந்தது? வேலை செய்யுதா? இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஊசி வழியாக டிஸ்க்குக்குள் லேசரைச் செலுத்தும் சிகிச்சையும் இருக்கிறது. அது வேற. நாம பேசப்போறது தோலுக்கு வெளியே வைக்கிற, குறைந்த சக்தி கொண்ட லேசரைப் பற்றி.

ஒளியை மருந்தாகப் பயன்படுத்துவது லேசருக்கு முந்தைய யோசனை. தோலில் வரும் ஒரு வகை காசநோய்க்கு ஒளி மூலம் சிகிச்சை அளித்ததற்காக, டென்மார்க்கில் பணியாற்றிய நீல்ஸ் ஃபின்சென் 1903-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். லேசர் வந்தது 1960-இல். கலிபோர்னியாவின் ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன் மே 16 அன்று ரூபி கல்லை வைத்து உலகின் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே கண் மருத்துவர்கள் அதை விழித்திரைச் சிகிச்சைக்குப் பயன்படுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் மருத்துவத்தில் லேசர் என்றால் சுடுவது, எரிப்பது, அழிப்பது. அவ்வளவுதான்.

இப்போ கதை ஹங்கேரிக்குப் போகுது. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் பாஸ்டனில், விலங்குகளின் புற்றுக்கட்டியை ரூபி லேசரால் அழித்துப் பார்த்தார்கள். அதையே செய்து பார்க்க நினைத்தார் புடாபெஸ்ட் நகரின் அறுவை மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர். எலிகளின் தோலில் ஒளியைப் பாய்ச்சினார். ஆனால் அவருடைய கருவிக்கு அந்த அளவு சக்தி இல்லை. கட்டி கரையவில்லை. மாறாக, முடி மழித்த இடத்தில் மற்ற எலிகளை விட வேகமாக முடி முளைத்தது. காயமும் சீக்கிரம் ஆறியது. மெஸ்டர் இதைத் தூக்கிப் போடவில்லை. பலவீனமான ஒளி செல்களைத் தூண்டுகிறதோ என்று தேட ஆரம்பித்தார். 1970-களில், நாள்பட ஆறாத கால் புண்களுக்கு அதையே சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தார்.

சோவியத் யூனியனிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இது வேகமாகப் பரவியது. மேற்கு நாடுகளில் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். சூடே இல்லாத ஒளி உடம்பில் என்ன செய்யும் என்பது நியாயமான கேள்விதானே? அதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தவர் ரஷ்ய விஞ்ஞானி டீனா காரு. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு நொதி இந்த ஒளியை உள்வாங்குகிறது, அதனால் செல் சுறுசுறுப்பாகிறது என்பது அவர் கருத்து. இன்றும் அதிகம் பேசப்படும் விளக்கம் இதுதான்.

சரி, இடுப்புக்கு வருவோம். எலியின் தோலிலும் கால் புண்ணிலும் ஒளி நேரடியாகப் படுகிறது. நம்ம இடுப்பில் தோல், கொழுப்பு, தடித்த தசை எல்லாம் தாண்டி, பல சென்டிமீட்டர் ஆழத்தில்தான் டிஸ்க்கும் மூட்டும் இருக்கின்றன. சிவப்பு ஒளி சில மில்லிமீட்டரிலேயே பெருமளவு அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழம் போகும், ஆனால் போகப் போக மங்கும். அதனால் புண்ணை ஆற்றிய ஒளி இடுப்பு வலியையும் ஆற்றும் என்று அப்படியே நம்பிவிட முடியாது. தனியாகச் சோதித்துத்தான் ஆகணும்.

சோதித்தார்கள். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதில் ஒரு வசதி உண்டு: கருவி உண்மையில் ஓடுகிறதா என்று நோயாளிக்குத் தெரியாது. 1990-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான லேசர், மீதிப் பேருக்குப் போலி. உடற்பயிற்சி மட்டும் எல்லோருக்கும் உண்டு. முடிவு என்ன தெரியுமா? இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது. லேசர் வாங்கியவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

20 பேர் ரொம்பக் கம்மி, அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. 1999-இல் வந்த இன்னொரு ஆய்வில், வேறு வகை லேசரால் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் நாள் போகப் போக அது தேய்ந்தது. 2008-இல் காக்ரேன் அமைப்பு இருந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, உறுதியாக எதுவும் சொல்லும் அளவுக்குத் தரவு இல்லை என்றது. "டோஸ் சரியா கொடுக்கல, அதான்" என்பது லேசர் ஆதரவாளர்களின் பதில். அதிலும் ஓரளவு நியாயம் இருக்கு. அலைநீளம், சக்தி, நேரம் என்று ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு அளவில் நடந்தது.

2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி முயற்சிக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் கொடுத்தது. குறைந்த சக்தி லேசர் அதில் இருக்கிறது, 'ஆதாரத்தின் தரம் குறைவு' என்ற குறிப்போடு. உடற்பயிற்சிக்கு அதை விட ஒரு படி மேலான ஆதாரம் இருப்பதாக அதே பட்டியல் சொல்கிறது. விளம்பரத்தில் இந்தக் கல்லூரியின் பேரைப் போடலாம், அந்தக் குறிப்பைப் போடுவாங்களா?

மெஸ்டர் பார்த்தது பொய்யில்லை. ஒளிக்குச் செல் ஏதோ பதில் சொல்கிறது. ஆனால் எலியின் முதுகிலிருந்து மனுஷன் இடுப்பு வரைக்குமான தூரத்தை விளம்பரம் ஒரே எட்டில் தாண்டியது. ஆராய்ச்சி இன்னும் பாதி வழியில்தான் இருக்கு.

அதனால அடுத்த தடவை பேக்கேஜ் சொன்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. இதோட என்ன பயிற்சி கொடுப்பீங்க? எத்தனை செஷனில் பலன் தெரியலன்னா நிறுத்தலாம்? கால் மரத்துப் போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரிஞ்சாலோ லேசரும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க.