சரணடையாத வால்டர் பிரவுன்



ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1885-இல் பிறந்த மளிகைக் கடைக்காரர் வால்டர் பிரவுன். 1918 ஜூலை 6, பிரான்சில் கையில் மிஞ்சிய ஒரே கையெறி குண்டைக் காட்டி மிரட்டியே ஒரு ஜெர்மன் அதிகாரியையும் அவருடைய ஆட்களையும் சிறைபிடித்தார். விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

1940-இல் மறுபடி பட்டாளம். வயது 54, சொன்னது 40! (பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொன்ன அப்பாக்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.) உண்மை தெரிந்ததும் பதவி உயர்வு கொடுத்தார்கள். அதை வேண்டாமென்று சாதாரண பீரங்கி வீரராகவே இருந்தார்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, தான் சரணடையப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, குண்டுகளோடு ஜப்பானியர் பக்கம் நடந்தாராம். பிறகு யாரும் பார்க்கவில்லை.

வீரம்தான், மறுக்கவில்லை. ஊரில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு உடல்கூட வந்து சேரவில்லை.