மயிற்பொறியும் மாதிரி விமானமும்: ஊவாவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மகியங்கனைக்கு அண்மையில், மகாவலி கங்கையின் கரையோரமாக, வேரகன்தொட்டை என்றோர் ஊர் உளது. இராவணனின் வான்கலம் இறங்கிய துறை அதுவே என ஊர்வழக்கும் அண்மைக்காலச் சுற்றுலாக் கையேடுகளும் கூறும். எல்லப் பகுதியில் இராவணன் பெயர் தாங்கிய அருவியும் குகையும் உள. எல்லவிலுள்ள இவ்விரண்டும் பதுளை மாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்தவை. சிங்கள வழக்கில் அவ்வான்கலம் 'தண்டு மொனர' எனப்படும். மரத்தாலான மயில் என்பது அதன் பொருள். இவ்வாறு ஊவா நிலம் ஒரு பறத்தற் கதையைத் தன் மண்ணோடு பிணைத்து வைத்திருக்கின்றது.

கதை கதையாகவே நின்றிருப்பின் அதனைக் குறித்து ஈண்டு எழுதவேண்டிய தேவை எழுந்திராது. ஆனால் 2019ஆம் ஆண்டில் இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை இராவணனின் பறத்தலை ஆராய முன்வந்தது. 2020இல் அது பற்றிய ஆவணங்களைப் பத்திரிகை விளம்பரத்தின் வாயிலாகப் பொதுமக்களிடம் கோரியது. நாட்டின் முதலாவது செய்மதியும் 2019இல் 'இராவணா-1' என்ற பெயருடனேயே விண்ணுக்கு ஏகிற்று. ஏறத்தாழ 1 கிலோகிராம் நிறையும் 10 சென்ரிமீற்றர் பக்கமும் உடைய சிறு கனசதுரம் அது. பெயரிட்டோர் பழங்கதையைப் போற்றினர். செய்தோரோ மில்லிமீற்றரைப் போற்றினர். இவ்விரு போற்றுதல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள். அதனை விளக்குதற்கு மாதிரி விமானக் கலையைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது என்பது என் கருத்து.

தமிழர்க்கும் ஒரு மரமயில் உண்டு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலே, கட்டியங்காரனின் சூழ்ச்சிக்கு உள்ளான சச்சந்தன், கருவுற்றிருந்த தன் தேவி விசயையைத் தப்புவித்தற்பொருட்டுக் கம்மியன் ஒருவனைக் கொண்டு மயிற்பொறி சமைப்பிக்கின்றான். அப்பொறி எவற்றால் ஆயது என்பதைத் தேவர் கூறாமல் விடவில்லை. சீலைத் துண்டுகள், பிசின், நூல், அரக்கு, மெழுகு என அவர் பட்டியல் தருகின்றார். ஏழு நாளில் வேலை முடிந்தது என்றும் கூறுகின்றார். பொறியை வலமாகத் திருப்பின் எழும். இடமாகத் திருப்பின் இறங்கும். அரசி அதனை இயக்கப் பயிற்சி பெறுகின்றாள். துணியும் பசையும் நூலும் நெய்ப்பூச்சும் கொண்டே இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககால விமானங்களும் கட்டப்பட்டன என்பதை நினைக்குந்தோறும், அப்புலவர் ஏதோ ஒரு கம்மியனின் பட்டறை வாயிலில் நின்று பார்த்தவராதல் வேண்டும் என்றே எனக்குத் தோன்றும். எனினும் பட்டியலில் ஒன்று இல்லை, அளவு இல்லை. காப்பியத்திற்கு அது வேண்டுவதுமன்று.

அளவு வந்தவுடன் கதை என்னாகும் என்பதற்கு 1974இல் பெங்களூரில் நிகழ்ந்தது நல்ல எடுத்துக்காட்டு. 'வைமானிக சாத்திரம்' என்னும் வடமொழி நூல் மிகப் பழைய விமானவியல் நூலெனப் பலராலும் போற்றப்பட்டு வந்தது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வாளர் ஐவர் அதிலுள்ள வரைபடங்களையும் அளவுகளையும் எடுத்துக் கணக்கிட்டனர். நூல் 1904ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாதல் இயலாது என்றும், அதில் கூறப்பட்ட கலங்கள் பறக்கும் இயல்பற்றவை என்றும் அவர்கள் முடிவு செய்தனர். நம்பிக்கை மறுக்கப்பட்டது வாதத்தால் அன்று, அளவையால்.

மாதிரி விமானத்தை மெய்விமானத்தின் குழந்தையெனக் கருதுவோர் பலர். வரலாறு அதற்கு மாறானது, மாதிரியே தாய். 1804இல் இங்கிலாந்திலே சேர் ஜோர்ஜ் கெய்லி ஒரு கோலின்மேல் காகிதப் பட்டமொன்றை இறக்கையாகப் பொருத்தி, திருப்பக்கூடிய வாலொன்றையும் சேர்த்து மிதக்கவிட்டார். நிலைத்த இறக்கையும் தனி வாலும் கொண்ட இன்றைய விமானத்தின் உருவம் முதன்முதலாக அமைந்தது அவ்விளையாட்டுப் பொருளிலேதான். 1871இல் பாரிசு நகரத் துய்லரிப் பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்பார், முறுக்கிய இறப்பர் இழையால் இயங்கிய மாதிரியொன்றை 11 செக்கன் பறக்கவிட்டார். அது கடந்த தூரம் ஏறத்தாழ 40 மீற்றர். அவர் வகுத்த முறையில் அமைந்த சுழல் விளையாட்டுக் கருவி ஒன்றையே 1878இல் ரைற் சகோதரரின் தந்தையார் தம் சிறுவர்க்கு வாங்கிக் கொடுத்தார்.

பேரளவு மாதிரிகளின் வரலாற்றில் சாமுவேல் லாங்லியின் பெயரைத் தவிர்த்தல் இயலாது. 1896 மே 6ஆந் திகதி, 4 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட இறக்கை விரிவுடைய அவரது நீராவி மாதிரி, பொட்டோமக் ஆற்றின்மேல் ஏறத்தாழ 1 கிலோமீற்றர் பறந்தது. வெற்றி பெற்ற வடிவைப் பெருப்பித்து ஆளை ஏற்றும் கலமாக அவர் கட்டினார். 1903 ஒக்ரோபரிலும் டிசெம்பரிலும் அது இருமுறையும் ஆற்றில் வீழ்ந்தது. இத்தோல்வியில் மாதிரிக்கலையின் அடிப்படை விதி ஒன்று அடங்கியுள்ளது. நீளத்தை இருமடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்மடங்காகும், நிறையோ எண்மடங்காகும். ஆதலின் சிறியதைப் பெரிதாக்குவோனும் பெரியதைச் சிறிதாக்குவோனும் வெறுமனே பெருக்கியோ வகுத்தோ தப்பிவிட முடியாது. பறக்கும் மாதிரியைக் கட்டுவோன் ஒவ்வொரு சட்டத்தின் தடிப்பையும் புதிதாகத் தீர்மானிக்கவேண்டும். நான்கில் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் பெரிய மாதிரிகள் சிறியனவற்றினும் மெய்விமானத்தை ஒத்து அமைதியாகப் பறப்பதற்கும், அவற்றைக் கட்டுவோர் நிறையைக் குறைப்பதற்குப் படும் பாட்டிற்கும் காரணம் இதுவே.

உருவொப்புமையே நோக்கமாகிய மாதிரிகள் போரின் தேவையால் பெருகின. 1942இன் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை, பாடசாலை மாணவர்களிடமிருந்து 5 இலட்சம் மர மாதிரிகளைக் கேட்டது. அளவுத்திட்டம் 1:72. அவ்வளவில் 35 அடி தூரத்தில் வைத்து நோக்கும் மாதிரி, அரை மைல் தூரத்து விமானம் போலத் தோன்றும். எதிரியின் நிழலுருவை இனங்காண வீரர்க்குப் பயிற்சியளித்தற்கு அவை பயன்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பும் 9ஆந் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின என்பதை நினைவிற் கொண்டால், நிழலுருவை அறிதல் எத்துணை முதன்மையானது என்பது இலங்கையர்க்கு விளங்கும். அன்று இத்தீவைக் காத்து எழுந்த ஹரிக்கேன் விமானத்தின் இறக்கை விரிவு 12.19 மீற்றர். 1:72இல் அது 17 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, 1:24இல் 50.8 சென்ரிமீற்றர்.

போருக்குப் பின்னர் பிளாஸ்திக் அச்சுத் தொகுதிகள் வந்தன. ஏர்ஃபிக்ஸ் கம்பனி 1953இல் 1:72 அளவிலும் 1970இல் 1:24 அளவிலும் ஸ்பிற்ஃபயர் விமானத்தை வெளியிட்டது. அளவு பெரிதாகப் பெரிதாக மறைக்க இடமில்லாது போகும். சிறிய மாதிரியில் விமானியின் அறை ஒரு கரும்புள்ளி. பெரியதிலோ ஆசனப் பட்டியின் மடிப்பும், மானிகளின் முகப்பும், காலடி பட்டுத் தேய்ந்த வண்ணமும் கேட்கப்படும். 5 மில்லிமீற்றர்த் தறையாணித் தலை 1:24இல் 0.2 மில்லிமீற்றர் ஆகும். அதனை ஆயிரக்கணக்கில் பொறிப்பவர், விமானம் எங்கே புகை கக்கிற்று, எங்கே எண்ணெய் கசிந்தது என்பதைப் பழைய ஒளிப்படங்களைப் பார்த்தே அறியவேண்டும். இது ஒருவகை வரலாற்றாராய்ச்சியே. நம்மிற் பலர் இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று எள்ளுவது அறியாமையால்.

இனி ஊவாவிற்கு வருவோம். இம்மாகாணத்தில் இக்கலைக்கு எனத் தனி வரலாறு எழுதுவதற்கில்லை. ஆயினும் இக்கலைக்கு வேண்டிய கைவினை, பொருள், ஓய்வு என்னும் மூன்றும் ஊவாவில் எவ்வாறு கிடந்தன என்று கேட்கலாம். அக்கேள்விக்கு விடை உண்டு.

1900 ஓகஸ்டு தொடக்கம், தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர்கள் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர் தொகை ஏறத்தாழ 5000. தகர அடைப்புகளில் இருந்த அவர்கள் செய்தித்தாள் நடத்தினர். மரத்தைச் செதுக்கிப் பேழைகள், புகைக்குழாய்கள், கைத்தடிகள், விளையாட்டுப் பொருள்கள் செய்தனர். இலங்கை, செயின்ற் ஹெலினா, பேர்மியூடா ஆகிய தீவுகளில் கைதிகள் செய்த இத்தகைய பொருள்கள் இன்று அரும்பொருட்களாகப் போற்றப்படுகின்றன. விமானம் பிறவாத காலம் அது. ஆயினும் பேனாக்கத்தியும் பெட்டிப் பலகையும் கொண்டு நுண்வேலை செய்யும் பொழுதுபோக்கு ஊவாவிற் பேரளவில் நிகழ்ந்த முதல் நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளுதல் தகும். அவர்களை ஏற்றிவந்த புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியிருந்தது. அது பதுளையை அடைந்தது 1924இல். இடையே தெமோதரையில் பாதை ஒரு வட்டமிட்டு, நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செல்கின்றது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைக் கண்ட பொறியியலாளருக்கு இவ்வெண்ணம் உதித்ததாக ஒரு செவிவழிக் கதை உண்டு. மெய்யோ பொய்யோ, அக்கதையில் ஒரு தோட்டத்துத் தமிழரின் தலைச்சீலைதான் மாதிரியாக நிற்கின்றது! கங்காணியின் பெயரைக் கதை சொல்லவில்லை.

பொருளைப் பார்ப்போம். தேயிலைப் பெட்டி ஒட்டுப்பலகையால் ஆனது. மெல்லிய மரத்தகடுகளை இழை குறுக்காக வருமாறு ஒட்டினால், இலேசும் வலிமையும் ஒருங்கே கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எஸ்தோனியப் பலகையை விற்ற வெனெஸ்தா என்னும் இலண்டன் கம்பனிக்குத் தேயிலைப் பெட்டியே பெருவாணிபம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில் அரசு ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையொன்றை நிறுவிற்று. அதே காலத்தில், 1940 நவம்பர் 25ஆந் திகதி, இங்கிலாந்தில் முதன்முதற் பறந்த மொஸ்கிற்றோ போர்விமானத்தின் உடலும் பேர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு இடையே பல்சா மரத்தை வைத்து ஒட்டிச் செய்யப்பட்டதே. ஆக, விமானம் கட்டத்தக்க பலகையினம் ஊவாவின் ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலையிலும் அடுக்கிக் கிடந்தது. தம்பத்தன்னையில் லிப்ரன் கட்டிய தொழிற்சாலை முதலாக எங்கும், அச்சுத்தண்டையும் உருளையையும் நூலளவு பிசகாமற் பேணிய தச்சரும் பொருத்துநரும் இருந்தனர். அவர்களை 'பாஸ்' என அழைப்பது இன்றும் வழக்கு. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. தியத்தலாவைப் போயர்களும் தம் மொழியில் அதனையே வழங்கினர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

கைவினைக்கும் குறைவிருந்ததில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு சப்பறம் கட்டுவோன், இலேசான சட்டகத்தின்மேல் தாளை இழுத்தொட்டி அதனை ஆட்டத்திலும் குலுக்கத்திலும் நிலைக்கச் செய்கின்றான். பழைய விமானத்தின் கட்டுமானமும் அஃதே. கோயிலின் கருவறைமேல் எழுவதற்கும் வானிற் பறப்பதற்கும் தமிழ் 'விமானம்' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதை ஈண்டு நினைத்துக்கொள்ளலாம்.

இல்லாதிருந்தது ஓய்வு. சிறையிருந்த போயருக்கு ஓய்வு சுமத்தப்பட்டது. துரைக்கு அது வாங்கப்பட்டது. லயத்தில் இருந்தவனுக்கு விடியுமுன் தப்பொலி கேட்டது. 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளைத் தீண்டவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டில் மாதிரித் தொகுதியும் சிறுபொறியும் பல்சாவும் நகரத்தார்க்கே அரியனவாயின. 1973–74இன் பஞ்சத்தில் பட்டினி கண்ட தோட்டங்களில் அவற்றைப் பற்றிப் பேசுவதும் பொருந்தாது. மாதிரிக்கலை நம்மவரிடையே வேரூன்றாமைக்கு ஆற்றலின்மையைக் காரணங்காட்டுவோர் இவ்வாண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். இராவணனின் கலத்தைத் தேடச் செலவிடும் ஊக்கத்தில் ஒரு சிறுபகுதியை, தோட்டத் தொழிற்சாலைப் பட்டறைகளில் எஞ்சியுள்ள மர அச்சுகளையும் அளவுகோல்களையும் தேடச் செலவிட்டாலும், பெயரறியாத அக்கம்மியரைப் பற்றிச் சில பக்கங்களேனும் எழுதலாம். ஒட்டுப்பலகைப் பெட்டிகள் ஏற்கெனவே போய்விட்டன. தேயிலை இன்று தாட்பைகளிலேயே கப்பலேறுகின்றது.

காற்று மட்டும் அப்படியே இருக்கின்றது. ஆடி ஆவணியிற் கச்சான் மலைகளைக் கடந்து வறண்டு வந்து ஊவாவில் வீசும். ஊவாத் தேயிலையின் தனிமணம் அப்பருவத்துக்குரியது. காற்று சரிவில் மோதி மேலெழும் இடத்தில், பொறியற்ற மிதவை விமானத்தை நெடுநேரம் நிறுத்திவைக்கலாம். ஊவாவின் பத்தனைப் புல்வெளிச் சரிவுகள் அதற்கு ஏற்றவை. இப்போதைக்கு அங்கே எழுவன ஈர்க்கிலும் பழைய பத்திரிகைத் தாளிலும் செய்த பட்டங்களே. பட்டம் குத்திட்டு வீழ்ந்தால், சிறுவன் வாலில் ஒரு சீலைத்துண்டை முடிந்து மீண்டும் ஏற்றிப் பார்க்கின்றான். மிகுந்தால் ஒன்றை அவிழ்க்கின்றான். 1804இல் கெய்லி தம் கோலின் முனையில் வாலைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்த்ததும் இதற்காகவே.